உறவுகளில் பிறக்கும் பொருள்: அமைப்பியல் – ஒரு திறனாய்வு நோக்கு

இருபதாம் நூற்றாண்டில் மொழியியல், மானிடவியல், இலக்கியத் திறனாய்வு, உளவியல் ஆகிய துறைகள் அனைத்திலும் ஒருசேரத் தாக்கம் விளைவித்த சிந்தனை முறைகளுள் அமைப்பியல் முதன்மையானது. தமிழில் இதனை விரிவாக அறிமுகம் செய்தவர் பேராசிரியர் தமிழவன். அவருடைய 'ஸ்ட்ரக்சுரலிசம்' என்னும் நூல் 1982-இல் வெளிவந்தது. அதனைத் தொடர்ந்து சிற்றிதழ்களில் எழுந்த விவாதங்களில் கொங்கு மண்ணுக்கும் பங்குண்டு. கோவை ஞானி நடத்திய 'நிகழ்' போன்ற இதழ்கள் மார்க்சியத்தையும் புதிய மேலைச் சிந்தனைகளையும் எதிரெதிரே நிறுத்தி விவாதித்தன. ஆயினும் அவ்விவாதங்கள் தமிழ் முஸ்லிம்களின் அறிவுலகை மிகக் குறைந்த அளவிலேயே தொட்டன.

நம்மிடையே இது குறித்து இருவகை மனப்பாங்குகள் நிலவுகின்றன. இறைவனை விலக்கிவிட்ட மேலை நாட்டார் கண்டுபிடித்த இன்னொரு நாகரிகம் இது என்று ஒதுக்குவோர் ஒருசாரார். இவையெல்லாம் நம் இமாம்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கூறியவைதாம் என்று பெருமிதம் கொள்வோர் மறுசாரார். நோக்கில் மாறுபட்டாலும் இவ்விரு சாராரும் ஒன்றில் உடன்படுகின்றனர்: இருவருமே படிக்கும் உழைப்பிலிருந்து தப்பித்துக்கொள்கின்றனர். அமைப்பியலின் அடிப்படைகளை விளக்கி, அவற்றை நாம் வாழும் மண்ணிலும் நாம் சார்ந்துள்ள அறிவு மரபிலும் உரைத்துப் பார்த்து, கொள்ளத்தக்கதையும் தள்ளத்தக்கதையும் பிரித்தறிவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அடிப்படைக் கோட்பாடுகள்

அமைப்பியலின் ஊற்று ஸ்விட்சர்லாந்தின் ஜெனீவா நகரில் தோன்றியது. ஃபெர்டினான்ட் டி சசூர் (1857–1913) 1907 முதல் 1911 வரை அங்கு நிகழ்த்திய விரிவுரைகளை, அவர் மறைந்த பின் மாணவர் குறிப்புகளின் துணையோடு அவர்தம் சக அறிஞர்கள் இருவர் தொகுத்து 1916-இல் வெளியிட்டனர். மொழி என்பது பொருள்களுக்கு ஒட்டப்பட்ட பெயர்ச்சீட்டுகளின் பட்டியல் என்னும் பழைய எண்ணத்தை அந்நூல் தகர்த்தது.

சசூரின் முதற்கருத்து, சொல்லின் ஒலிக்கும் அது சுட்டும் கருத்துக்கும் இயற்கையான பிணைப்பு ஏதுமில்லை என்பது. இரண்டாவது கருத்து இதனினும் ஆழமானது: ஒரு சொல்லின் மதிப்பு, அதே மொழியிலுள்ள பிற சொற்களோடு அது கொண்டுள்ள வேறுபாட்டினால் நிர்ணயமாகிறது. கோவையில் வாழ்வோருக்கு இதனை விளக்கப் பாலக்காட்டுக் கணவாயைக் கடந்தால் போதும். 'வெள்ளம்' என்று தமிழர் சொன்னால் பெருக்கெடுத்து ஊரை அழிப்பது. மலையாளி சொன்னால் தாகம் தீர்ப்பது. ஒலி ஒன்றே. தமிழில் 'நீர்', 'தண்ணீர்' ஆகிய சொற்கள் முன்னரே ஓர் இடத்தை நிரப்பியிருப்பதால் 'வெள்ளம்' வேறோர் இடத்திற்குச் சென்றது. மலையாளத்தில் அது குடிநீரின் இடத்தைப் பெற்றிருப்பதால், பெருக்கைக் குறிக்க 'வெள்ளப்பொக்கம்' என்னும் வேறு சொல் தேவையாயிற்று. சொல்லைத் தனியே எடுத்து எத்துணை ஆராய்ந்தாலும் இவ்வுண்மை புலப்படாது.

மூன்றாவதாக, தனிமனிதர் நாள்தோறும் பேசும் பேச்சையும், அப்பேச்சைச் சாத்தியமாக்கும் பொதுவான மொழியமைப்பையும் சசூர் வேறுபடுத்தினார். நான்காவதாக, மொழியின் வரலாற்றை ஆராய்வதும் ஒரு காலக்கட்டத்தில் அதன் உறுப்புகள் தம்முள் இயங்கும் முறையை ஆராய்வதும் வெவ்வேறு பணிகள் என்றார். ஜெனீவாவிலிருந்து பாரிசுக்குப் புறப்படும் இரவு ரயிலை அவர் எடுத்துக்காட்டினார். நாம் அதனைச் சிங்காநல்லூர்ப் பேருந்து நிலையத்திற்கு மாற்றிக்கொள்ளலாம். மதுரைக்குச் செல்லும் காலைப் பேருந்து நேற்றும் இன்றும் 'அதே பேருந்து' என்றே வழங்கப்படுகிறது. வண்டி மாறியிருக்கும், ஓட்டுநர் மாறியிருப்பார், பயணியர் அனைவரும் மாறியிருப்பர். அதனை 'அதே' என்று ஆக்குவது கால அட்டவணையில் பிற பேருந்துகளுக்கு நடுவே அதற்குரிய இடமேயாகும்.

பிராக் வட்டத்து மொழியியலாளர்களான துருபெட்ஸ்காயும் யாகப்சனும் இச்சிந்தனையை ஒலியியலில் செலுத்தி, இருமை எதிர்வு என்னும் கருத்தைக் கூர்மைப்படுத்தினர். எதிர்வின் இரு உறுப்புகளும் சமநிலையில் இருப்பதில்லை என்றும், ஒன்று பொதுவானதாகவும் மற்றது தனிக்குறி ஏற்றதாகவும் அமையும் என்றும் அவர்கள் கண்டது நம் பின்வரும் விவாதத்திற்கு இன்றியமையாதது. நியூயார்க்கில் யாகப்சனைச் சந்தித்த குளோட் லெவி-ஸ்ட்ராஸ் (1908–2009) இம்முறையை மானிடவியலுக்குக் கொண்டுவந்தார். 1949-இல் உறவுமுறை அமைப்புகளையும், 1964 முதல் 1971 வரை நான்கு பெருந்தொகுதிகளில் தென், வட அமெரிக்கத் தொன்மங்களையும் ஆராய்ந்தார். ரோலாண் பார்த் 1957-இல் விளம்பரம், உணவு, இதழ்ப்படம் ஆகிய அன்றாடப் பண்பாட்டுப் பொருள்களைக் குறிகளாகப் படித்துக் காட்டினார். பிரெஞ்சுக் கொடிக்கு வணக்கம் செலுத்தும் கறுப்பினச் சிறுவனின் இதழ் அட்டைப்படம் பேரரசின் நியாயத்தை எவ்வாறு இயற்கையான உண்மைபோல் காட்டுகிறது என்னும் அவருடைய ஆய்வு, அல்ஜீரியப் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் எழுதப்பட்டது.

இவையனைத்தையும் தொகுத்து நோக்கிய ழான் பியாஜே, அமைப்பு என்பதற்கு மூன்று இலக்கணங்களை 1968-இல் வகுத்தார். அது உறுப்புகளின் கூட்டுத்தொகையினும் மேலான முழுமை உடையது. தனக்குரிய விதிகளின்படி உருமாறக்கூடியது. அவ்வுருமாற்றத்தில் தன் எல்லையைத் தானே காத்துக்கொள்வது.

கொங்கு மண்ணில் ஓர் ஆய்வு

அமைப்பியல் நோக்கிலான குறிப்பிடத்தக்க கள ஆய்வு ஒன்று கொங்கு நாட்டிலேயே நிகழ்ந்தது என்பது பலரும் அறியாத செய்தி. 1960களின் நடுவில் காங்கேயம் பகுதிச் சிற்றூர் ஒன்றில் தங்கி ஆராய்ந்த பிரெண்டா பெக், கொங்கு உழவர் சமுதாயம் பற்றிய நூலை 1972-இல் வெளியிட்டார். வலங்கை, இடங்கை என்னும் பழம்பெரும் பிரிவே அந்நூலின் மையம். நிலத்தோடும் உழவோடும் அதன் அதிகாரத்தோடும் பிணைந்த சாதிகள் ஒருபுறம். கைவினை, வணிகம் சார்ந்து சடங்குத் தூய்மையால் தம் மதிப்பை நிறுவ முயன்ற சாதிகள் மறுபுறம். இவ்வெதிர்வு மண உறவு, வழிபாடு, சடங்கு எனப் பல தளங்களில் வெவ்வேறு வடிவில் மீண்டும் மீண்டும் வெளிப்படுவதை அவர் நாடு, கிராமம், ஊர், வீடு என்று படிப்படியாகக் காட்டினார். சாதிகளைத் தனித்தனியே விவரித்த பழைய நூல்களால் காணமுடியாத ஒன்றை, உறவுகளை நோக்கிய இம்முறை கண்டது.

இம்முறையின் எல்லையும் அங்கேயே புலப்படுகிறது. பெக் ஒலிப்பதிவு செய்து வெளியிட்ட அண்ணன்மார் கதையில் உழவரான பொன்னர், சங்கர் ஒருபுறமும் வேட்டுவர் மறுபுறமும் நிற்கின்றனர். உழுநிலம்–காடு, பண்பாடு–இயற்கை என்னும் எதிர்வாக இதனைப் படிப்பது எளிது, அப்படிப்பு பொய்யுமன்று. ஆயினும் காடு எவ்வாறு உழுநிலமாயிற்று, அதில் இடம் இழந்தோர் யாவர் என்னும் வினாவை அவ்வட்டவணை எழுப்பாது. தலையூர்க் காளியை நாயகனாகக் கருதும் வேட்டுவர் தரப்பு நோக்கில் இது நிலத்தை இழந்த கதையாகவே நிற்கும். எதிர்வு என்று ஏட்டில் எழுதும்போது சமமாகத் தோன்றும் இரு பக்கங்களும் வரலாற்றில் சமமாக இருந்ததில்லை.

உறவுமுறை ஆய்வில் அமைப்பியலின் வலிமை தெளிவாகத் தெரிகிறது. தமிழர் உறவுப் பெயர்கள் இரத்த உறவை மட்டும் குறிக்காமல் மணக்கத்தக்கோர், தகாதோர் என்னும் பாகுபாட்டையே வெளிப்படுத்துகின்றன என்று லூயி துய்மோன் 1953-இல் எழுதினார். தமிழ் முஸ்லிம்களை இதனோடு பொருத்திப் பார்ப்போம். திருக்குர்ஆன் மணக்க விலக்கப்பட்டோரை வரையறுத்துக் கூறுகிறது. தந்தையின் உடன்பிறந்தார் மக்கள் அவ்வரையறையில் இல்லை. அரபு மரபில் தந்தையின் சகோதரர் மகளை மணப்பது விரும்பத்தக்க வழக்கமாகவே இருந்தது. ஆனால் ராவுத்தர் குடும்பங்களில் 'அத்தா' என்னும் சொல்லிலிருந்தே 'பெரியத்தா', 'சின்னத்தா' பிறக்கின்றன. பெரியத்தாவின் மக்கள் அண்ணன், தங்கை ஆகிவிடுகின்றனர். மாமாவின் மகன் மச்சான் ஆகிறான். மார்க்கச் சட்டம் இருவகை மணங்களையும் அனுமதித்திருக்க, பல குடும்பங்கள் ஒன்றை நாடி மற்றொன்றில் தயங்குவதன் காரணம் இப்பெயரமைப்பில் உறைந்துள்ளது. இத்தயக்கத்தை மார்க்க அறியாமை என்று கண்டிப்போரும், 'மதம் மாறினாலும் பழக்கம் மாறவில்லை' என்று நகைப்போரும் உண்மையைத் தவறவிடுகின்றனர். ஹராம்–ஹலால் என்பது ஓர் அமைப்பு. உறவுச்சொற்கள் வேறோர் அமைப்பு. முன்னது விட்டுவைத்த வெளியில் பின்னது இயங்குகிறது, இரண்டும் முரண்படவில்லை.

சீறாப்புராணத்திற்கும் இந்நோக்கு பொருந்தும். உமறுப்புலவர் அரபு நாட்டை ஆறும் வயலும் செழிக்கும் தமிழ் மருதமாகப் பாடியது நிலநூல் பிழை என்று கருதுவோர் உண்டு. நாட்டு வளம், நகர் வளம் கூறித் தொடங்குவது தமிழ்க் காப்பியத்தின் இலக்கணம். அவ்விலக்கணம் ஒதுக்கிய இடத்தில் மக்கா நகரம் அமர்ந்ததனாலேயே, நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாறு தமிழ்க் காப்பியத் தலைமகனின் வரலாறாகவும் ஆயிற்று. பாலையை அவர் உள்ளவாறே பாடியிருப்பின் தமிழ்த் திணை மரபில் அது பிரிவின் துயரத்தைச் சுட்டிப் பொருள் திரிந்திருக்கும்.

லெவி-ஸ்ட்ராஸ் கண்ட இஸ்லாம்

எந்தப் பண்பாட்டையும் அதன் உள்ளுறவுகளைக் கொண்டே அறிய வேண்டும் என்று உலகுக்குக் கற்பித்த லெவி-ஸ்ட்ராஸ், இஸ்லாத்தைப் பொறுத்தவரை தம் பாடத்தைத் தாமே மறந்தார். 1950-இல் அன்றைய பாகிஸ்தானின் இரு பகுதிகளிலும் பயணம் செய்த அவர், 1955-இல் வெளியிட்ட பயண நூலின் இறுதியில் இஸ்லாம் பற்றிக் கடுமையான தீர்ப்புகளை எழுதினார். பௌத்தத்திற்கும் கிறித்தவத்திற்கும் இடையே தோன்றிய இஸ்லாம் அவை சந்தித்திருக்கக்கூடிய வாய்ப்பைத் தடுத்து உலகை இரண்டாகப் பிளந்தது என்பது அவர் வாதத்தின் சாரம்.

அவருடைய முறையைக் கொண்டே இதனை மதிப்பிடுவோம். தென் அமெரிக்கக் குடியின் ஒரு தொன்மத்தை விளக்க நூற்றுக்கணக்கான மாற்று வடிவங்களைத் திரட்டியவர், கோடானுகோடி மக்கள் வாழும் ஒரு நெறிக்குக் குறுகிய பயணமும் சில கட்டடங்களும் போதுமென்று கருதினார். வக்ஃப், ஃபிக்ஹ், தஸவ்வுஃப், அரபு இலக்கணம் என்று இஸ்லாமியப் பண்பாட்டின் உள்ளமைப்பு ஏதும் அவர் பார்வைக்கு வரவில்லை. கிழக்கு–மேற்கு என்று அவரே வகுத்துக்கொண்ட எதிர்வில் இடையூறாக நிற்கும் உறுப்பின் இடத்தையே இஸ்லாத்திற்கு அளித்தார். அதேசமயம் அவர் நேர்மையையும் குறிப்பிட வேண்டும். இஸ்லாத்தின் மீதான தம் மனக்கசப்புக்குக் காரணம், தாம் விட்டு விலக நினைத்த மேலை உலகின் சாயலையே அதில் காண்பதுதான் என்று அவர் ஒப்புக்கொண்டார். எதிர்வுகளை அமைப்பவன் எங்கோ வெளியில் நிற்கவில்லை, அவ்வெதிர்வின் ஒரு பக்கத்திலேயே நிற்கிறான் என்பதற்கு இதனினும் சான்று வேண்டியதில்லை. 1978-இல் எட்வர்ட் செய்த் கீழைத்தேயவியலைப் பற்றி எழுதிய நூல் இவ்வுண்மையை விரிவாக நிறுவியது.

ஜுர்ஜானியும் 'நழ்ம்' கோட்பாடும்

இனி நம் மரபிற்கு வருவோம். ஹிஜ்ரி 471-இல் (கி.பி. 1078) மறைந்த இமாம் அப்துல் காஹிர் அல்-ஜுர்ஜானி, திருக்குர்ஆனின் ஒப்பற்ற தன்மையை ஆராய்ந்த 'தலாயிலுல் இஃஜாஸ்' என்னும் நூலில், அழகு சொல்லில் உள்ளதா பொருளில் உள்ளதா என்னும் நெடுநாள் பூசலுக்குப் புதிய விடை கண்டார். தனிச்சொல்லுக்குத் தன்னளவில் உயர்வோ தாழ்வோ இல்லை. ஓரிடத்தில் இனிக்கும் அதே சொல் பிறிதோரிடத்தில் கனக்கிறது. சிறப்பு என்பது சொற்கள் இலக்கண உறவுகளால் ஒன்றோடொன்று கோக்கப்படும் முறையில், அதாவது 'நழ்ம்'-இல் உள்ளது என்றார். நூஹ் (அலை) அவர்கள் காலத்துப் பெருவெள்ளம் வடிவதைக் கூறும் ஹூது அத்தியாயத்தின் 44-ஆம் வசனத்தை அவர் சொல் சொல்லாகப் பிரித்து, பூமியை விளித்தது, ஏவியது, நீரை அதற்கே உரிமையாக்கிக் கூறியது என ஒவ்வோர் உறவையும் காட்டி, எந்தச் சொல்லையும் தனித்தெடுத்தால் அவ்வழகு நில்லாது என நிறுவினார்.

சசூருக்கு எட்டு நூற்றாண்டுகளுக்கு முன் எழுந்த இச்சிந்தனையை எண்ணிப் பெருமிதம் கொள்வது இயல்பே. ஆனால் இருவரும் ஒன்றையே கூறினர் எனல் ஜுர்ஜானிக்கு நாம் செய்யும் அநீதியாகும். சசூரின் அமைப்பு பேசுபவனுக்கு முந்தியது. பேசுபவன் அதற்குள் பிறக்கிறான். ஜுர்ஜானியின் நழ்மோ பேசுபவனின் கருத்தும் தேர்வும் இன்றி அமையாது. முதலில் உள்ளத்தில் பொருள்கள் ஒழுங்குறுகின்றன, சொற்கள் அவ்வொழுங்கைப் பின்தொடர்கின்றன என்பதே அவர் நிலைப்பாடு. பார்த் 1960களின் பிற்பகுதியில் ஆசிரியனின் மரணத்தை அறிவித்தபோது அமைப்பியல் சென்றடைந்த முடிவை ஜுர்ஜானியின் வழி ஏற்காது. வஹீ என்பது ஒருவன் மற்றவர்க்கு உரைப்பது. உரைப்பவனை நீக்கினால் எஞ்சுவது சொற்கோவை மட்டுமே. உறவுகளில் பொருள் பிறக்கிறது என்பதை ஏற்றுக்கொண்டே, அவ்வுறவுகளை அமைக்கும் நாட்டத்தை மறுக்காதிருக்க முடியும் என்பதை ஜுர்ஜானி காட்டுகிறார். அமைப்பியலிலிருந்து நாம் பிரியும் இடம் இதுவே. அப்பிரிவு அறியாமையால் அன்றி ஆய்ந்து எடுத்த முடிவாக அமைய ஜுர்ஜானி நமக்கு உதவுகிறார்.

இணைத்துப் படிக்கத்தக்க மற்றொருவர் ஜப்பானிய அறிஞர் தோஷிஹிகோ இஸுட்சு (1914–1993). திருக்குர்ஆனின் ஒழுக்கவியற் சொற்களை அவற்றின் எதிர்வுகளையும் அண்மைகளையும் கொண்டு ஆராய்ந்த அவர், 'குஃப்ர்' என்னும் சொல் 'ஈமான்' என்பதற்கு எதிராக நிற்பதற்கு அடித்தளமாக, 'ஷுக்ர்' என்னும் நன்றியறிதலுக்கு எதிராக நிற்பதைக் காட்டினார். பெற்ற அருளை மறைத்து நன்றி கொல்வதே அதன் வேர்ப்பொருள். இச்சொல்லை அண்டை வீட்டாரைக் குறிக்கும் அடையாளச் சீட்டாக மட்டும் கையாளும்போது, ஷுக்ரோடு அதற்குள்ள உறவு அறுந்துவிடுகிறது. அதனோடு 'நான் நன்றியுடையவனா?' என்று நம்மை நோக்கி எழ வேண்டிய வினாவும் மறைகிறது. அமைப்பு முறையிலான வாசிப்பு இவ்விடத்தில் மார்க்க உணர்வைக் கூர்மையாக்கவே செய்கிறது.

'தமிழா, முஸ்லிமா?'

கோட்பாடு ஏட்டில் நின்றுவிடுவதன்று. வாடகைக்கு வீடு தேடும்போதும், புதிதாக ஒருவரோடு அறிமுகம் ஆகும்போதும் தமிழ்நாட்டு முஸ்லிம்கள் எதிர்கொள்ளும் கேள்வி ஒன்றுண்டு: 'நீங்கள் தமிழா, முஸ்லிமா?' வினவுவோர் பெரும்பாலும் தீய எண்ணத்தோடு கேட்பதில்லை. ஆயினும் இவ்வினாவின் கட்டமைப்பு நோக்கத்தக்கது. தமிழ் என்பது மொழியின் அச்சிலும் முஸ்லிம் என்பது சமயத்தின் அச்சிலும் உள்ள சொற்கள். அவை ஒன்றுக்கொன்று எதிரானவையல்ல. ஆனால் வழக்கு அவற்றை எதிரெதிரே நிறுத்திவிட்டது. அவ்வாறு நிறுத்தியதும் 'தமிழர்' என்னும் பொதுச்சொல் ஓசையின்றி ஒரு சமயத்தாருக்கு உரியதாகிறது. தமிழைத் தவிர வேறு தாய்மொழி அறியாத ராவுத்தர் அதற்கு வெளியே தள்ளப்படுகிறார். பிராக் அறிஞர் கூறிய பொதுவுறுப்பு, குறியேற்ற உறுப்பு என்னும் பாகுபாடு இங்குத் தெளிவாக விளங்குகிறது. குற்றம் புரிந்தவர் பிறராயின் 'ஒருவர்' என்றும், முஸ்லிமாயின் 'முஸ்லிம் ஒருவர்' என்றும் பேச்சு அமைவதன் இலக்கணம் இதுவே.

இத்தகைய இலக்கணம் உயிர்களைக் காவு கொள்ளும் என்பதைக் கோவை அறியும். 1997 நவம்பர் இறுதியில் காவலர் ஒருவர் கொலையுண்டதைத் தொடர்ந்த கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர். 1998 பிப்ரவரி 14 அன்று நிகழ்ந்த தொடர் குண்டுவெடிப்புகளில் 58 பேர் மாண்டனர். இவ்விரு கொடுமைகளிலும் மாண்டோர் அவர்கள் செய்த செயலுக்காகக் கொல்லப்படவில்லை. ஓர் எதிர்வில் அவர்கள் நின்ற இடத்திற்காகவும், நின்றதாகக் கருதப்பட்ட இடத்திற்காகவும் கொல்லப்பட்டனர். குண்டு வைத்தவர்களும் அந்த எதிர்வையே நம்பினர், அதனையே வலுப்படுத்தினர். ஈழத்தில் 'தமிழர்–முஸ்லிம்' என்னும் பாகுபாடு இனப்பெயர்களாகவே இறுகியது. 1990 அக்டோபரில் வடபுல முஸ்லிம்கள் தம் வாழ்விடங்களிலிருந்து வெளியேற்றப்பட்டபோது அவர்கள் பேசிய தமிழ் அவர்களைக் காக்கவில்லை.

அமைப்பியல் இங்கு ஒரு வெளிச்சத்தைத் தருகிறது: தனிமனிதரின் நல்லெண்ணம் மட்டும் இதனை மாற்றாது, மாற்றப்பட வேண்டியது சொற்களின் இருக்கை முறை. ஆனால் அம்முறை எப்போது தோன்றியது, எவ்வாறு மாறும் என்னும் வினாக்களுக்கு அமைப்பியல் விடை தருவதில்லை. தமிழ்நாட்டு மார்க்சியர்கள் 1980களில் தமிழவன் நூலை நோக்கி எழுப்பிய 'வரலாறு எங்கே, மனிதன் எங்கே?' என்னும் வினா இன்றும் வலுவுடையதே. சிங்காநல்லூர்ப் பகுதியின் பஞ்சாலைகள் இயங்கிய காலத்தில் நிரந்தரத் தொழிலாளி–பதிலித் தொழிலாளி, இந்தச் சங்கம்–அந்தச் சங்கம் என்னும் வேறு எதிர்வுகள் மக்களின் அன்றாடத்தை ஆண்டன. ஆலைகள் நலிந்தபோது அவ்வெதிர்வுகளும் நலிந்தன; சமய எதிர்வு பரவ இடம் கிடைத்தது என்று கருத இடமுண்டு. எதிர்வுகள் பிறக்கின்றன, தேய்கின்றன. அல்ஜீரியாவில் பிறந்த ழாக் தெரிதா 1966-இல் அமைப்பியலை நோக்கி எழுப்பிய ஐயங்களும், எதிர்வுகள் நடுநிலையானவை அல்ல, ஒன்றை உயர்த்தி மற்றொன்றைத் தாழ்த்துபவை என்னும் அவர்தம் வாதமும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கவை.

முடிவாக, அமைப்பியல் ஒரு நம்பிக்கை நெறியன்று, ஒரு கருவி. உறவுமுறையையும் காப்பியத்தையும் நகரின் பேச்சையும் படிக்க அது நமக்குப் பயன்படும். மனிதனை அமைப்பின் நிழலாகச் சுருக்கும் இடத்தில் அதனைக் கீழே வைக்க வேண்டும். ஏனெனில் மனிதன் தன் செயலுக்குப் பொறுப்புடையவன் என்பது நம் அடிப்படை. அப்பொறுப்பில் சொல்லாட்சியும் அடங்கும். 'தமிழா, முஸ்லிமா?' என்னும் வினாவுக்கு 'முஸ்லிம்' என்று மட்டும் பழக்கத்தால் விடை கூறும்போது நாமும் அவ்வெதிர்வை ஏற்றுக்கொண்டவர்களாகிறோம். 'தமிழ் முஸ்லிம்' என்று கூறினால் இரு அச்சுகளும் தத்தம் இடத்திற்குத் திரும்புகின்றன. ஒரு விடையால் அமைப்பு மாறிவிடாது. எனினும் அமைப்பு நம் ஒவ்வொரு பேச்சிலும் புதுப்பிக்கப்பட்டே வாழ்கிறது என்பதால், நம் பேச்சு திருந்துமிடத்தில் அதன் திருத்தமும் தொடங்க இயலும்.